மார்கழிக் கூதலிலும் வேர்ப்பது ஏன்?

மார்கழி விடியற்காலை. வெளியே வாடைக்காற்று, குசினியில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கிறது. ஐம்பதைத் தொட்ட பெண்ணுக்கு நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பி, கழுத்து, முகம், காதுமடல் வரை ஏறுகிறது. படபடப்பு. மேலுதட்டில் வேர்வை முத்துகிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கி, அந்த ஈரத்திலேயே உடம்பு கூதலெடுக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் திடீர் வெக்கை இது. "சூட்டு உடம்பு, வெந்தயம் ஊறவைச்சுக் குடியுங்கோ" என்பார்கள்.

ஆனால் அந்த நேரத்தில் வெப்பமானியை வாயில் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் காட்டாது. கோளாறு உடம்பின் சூட்டில் இல்லை, சூட்டை அளக்கும் இடத்தில்.

மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலமஸ் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. உள்வெப்பம் மேல் எல்லையைத் தாண்டினால் வேர்க்க வைக்கும். கீழ் எல்லைக்குக் கீழே போனால் நடுங்க வைக்கும். இந்த இரண்டுக்கும் இடையே சாதாரணமாக ஏறத்தாழ 0.4 பாகை செல்சியஸ் இடைவெளி உண்டு. இந்தத் தொல்லை உள்ள பெண்களில் அது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ஒரு வாய் தேத்தண்ணி, நான்கு படி ஏறுவது போதும். மூளை அதைப் பெரிய வெக்கையாக எடுத்துத் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது, வேர்க்கவும் வைக்கிறது. முகம் சிவப்பதும் வேர்வை கொட்டுவதும் அதனால்தான். வெப்பம் வெளியேறியதும் உடனே கீழ் எல்லை தட்டுகிறது; கூதல்.

இடைவெளி ஏன் சுருங்குகிறது? பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருந்த ஒரு நரம்புக்கூட்டம், ஹார்மோன் குறைந்ததும் கட்டவிழ்ந்து நியூரோகைனின் பி என்ற சைகையை அளவுக்கு மிஞ்சி அனுப்புகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதல்ல, இருந்து விழுவதுதான் காரணம். பூப்படையாத சிறுமிகளுக்கு இது வருவதில்லையே. சத்திரசிகிச்சையில் இரண்டு சூலகங்களையும் எடுத்தவர்களுக்கு ஒரே நாளில் விழுவதால் தொல்லை கடுமை.

விசிறியும் மெல்லிய பருத்தி உடுப்பும் அந்த நிமிடத்தைத் தாங்க உதவும், எண்ணிக்கையைக் குறைக்காது. காண்டாவனப் புழுக்கத்தில் காற்றின் ஈரத்தால் வேர்வை ஆறாது. அப்போது விசிறிக் காற்று ஈரமான தோலில் நேரே படவேண்டும். சோயா மாத்திரைகளுக்குக் காசைக் கொட்டுவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஆய்வுகளில் பலன் உறுதியாகவில்லை. உடல் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் பலன் உண்டு.

அதிகம் பலன் தருவது ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை. தடவைகள் சுமார் 75 சதவீதம் குறையும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் பொறுக்கவேண்டும். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குவது பாதுகாப்பானது. இங்கே நடக்கும் ஆபத்தான பிழை, இன்னொருவரின் குளிசையை வாங்கிப் போடுவது. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுத்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரலாம். கூடவே அந்தச் சவ்வைக் காக்கும் புரோஜெஸ்டோஜன் என்ற ஹார்மோனும் கட்டாயம். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பாரிசவாதம் கண்டவர்களுக்குப் பொதுவாக இது கொடுப்பதில்லை. அவர்களுக்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின் என்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் எடுப்பவர், இதே தொல்லைக்குக் கொடுக்கப்படும் பரொக்செட்டீனைத் தவிர்க்கவேண்டும். அது டமொக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். நியூரோகைனின் சைகையையே தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு ஈரல் பரிசோதனை வேண்டும்.

வேர்ப்பதெல்லாம் இதுவென்று விட்டுவிடக்கூடாது. இரவு வேர்வையோடு மெலிவும் நாட்பட்ட இருமலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. கை நடுங்கி, பசியிருந்தும் மெலிந்தால் தைரொயிட் பரிசோதனை. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் வேர்க்கும்போதே விரலில் குத்தி இரத்தச் சீனியைப் பார்க்கவேண்டும்; 70 mg/dLக்குக் கீழே என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடிக்கவேண்டும்.

இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் நேரம், எத்தனை தடவை, நித்திரை கலைந்ததா என்று குறித்துக்கொண்டு, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் நாளைக் கேட்டுப் போங்கள். போடும் குளிசைகளையும் எடுத்துச் செல்லுங்கள். பிரஷருக்கான நிஃபெடிப்பீனும் முகத்தைச் சிவக்க வைக்கும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் போகவேண்டும்.