வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து திறக்கவில்லை

அலுவலகத்தில் இருக்கும் வெப் சர்வர் வெளியூரிலிருந்து பார்த்தால் திறக்கிறது, அலுவலகத்துக்குள் அதே முகவரியைப் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஃபயர்வால் (அலுவலக வலைக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் காவல் கருவி) பழுதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பழுதில்லை. 192.168 என்று தொடங்குபவை உள் உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகள், இணையத்தில் செல்லாது. இணையத்துக்குத் தெரிவது ஃபயர்வாலின் ஒரே பொது முகவரிதான். அதை 203.0.113.5 என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரும் பாக்கெட்டின் (வலையில் செல்லும் தரவுத் துண்டின்) பெறுநர் முகவரியை, சர்வரின் உள் முகவரியான 192.168.1.10 என்று மாற்றி, ஃபயர்வால் சர்வருக்கு அனுப்புகிறது. மாற்றியதைக் குறித்தும் வைத்துக்கொள்கிறது. பதில் திரும்பும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து பழைய முகவரியைப் போட்டுவிடும்.

சரி, உள்ளேயிருக்கும் 192.168.1.20 கணினி அந்தப் பொது முகவரியைக் கேட்டால்? ஃபயர்வால் பெறுநரை மாற்றி, பாக்கெட்டை உள்ளேயே திருப்பி விடுகிறது. சர்வர் அனுப்புநரைப் பார்க்கிறது: 192.168.1.20, தன் வலையிலேயே இருப்பவர். ஆகவே பதிலை, உள் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் வழியாக நேரே கொடுத்துவிடுகிறது. ஃபயர்வாலுக்கு அந்தப் பதில் வருவதே இல்லை, முகவரியைத் திருப்பி மாற்ற ஆளில்லை. இணைப்புகளைக் கையாளும் டிசிபி என்ற நெறிமுறை, ஒரு இணைப்பை இரு முகவரிகள், இரு போர்ட் எண்கள் (கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்கள்) என நான்கையும் வைத்துத்தான் அடையாளம் காணும். கணினி கேட்டது 203.0.113.5-இடம், பதில் வந்ததோ 192.168.1.10-இடமிருந்து. தான் கேட்காத பதில் என்று அதைத் தள்ளிவிட்டு, இன்னும் காத்திருக்கிறது. இதில் யாருமே விதியை மீறவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓடவிட்டுப் பார்த்தால் முகவரி மாறி வருவது கண்ணிலேயே தெரியும். கல்லூரிகளில் வலையமைப்புப் பாடத்தின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்ய வைக்கும் நேரத்தில் இதைக் காட்டலாம்.

தீர்வு, அனுப்புநர் முகவரியையும் ஃபயர்வால் தன்னுடையதாக மாற்றுவது. இப்படி முகவரியை மாற்றுவதற்கு நாட் என்று பெயர்; உள்ளிருந்து வந்ததை உள்ளேயே திருப்பிவிடும் இந்த வகையை ஹேர்பின் நாட் என்பார்கள். பதில் ஃபயர்வாலுக்கே திரும்பிவிடும், ஆனால் சர்வரின் வருகைப் பதிவில் (லாகில்) உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே முகவரியாகத் தெரிவார்கள். என்னைக் கேட்டால், சர்வரைத் தனி சப்நெட்டுக்கு (வேறு முகவரி வரிசை கொண்ட தனி உள்வலைக்கு) மாற்றுவதே மேல். அப்போது பதில் ஃபயர்வால் வழியாகத்தான் வர வேண்டும். நாளைக்கு சர்வருக்குள் யாராவது புகுந்தாலும், ஊழியர்களின் கணினிகளுக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும்.

எந்த வழியானாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள். பெறுநரை மாற்றும் விதியை ஃபயர்வாலின் வெளிப்பக்க இன்டர்ஃபேஸுக்கு (இணையம் வந்து சேரும் இணைப்புக்கு) மட்டும் எழுதியிருந்தால், உள்ளிருந்து வரும் பாக்கெட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது.