டீபக்: நீக்குவதா, பார்ப்பதா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலை மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்யும்போது, அதாவது இயங்கும் நிரலாக மாற்றும்போது, ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்று அடித்தால் முனையத்தில் நீலநிற மெனு ஒன்று விரியும். அதன் அடிப்பகுதியில் ‘கர்னல் ஹாக்கிங்’ என்று ஒரு பிரிவு இருக்கும். உள்ளே போனால் திரும்பிய பக்கமெல்லாம் ஒரே சொல்தான். டீபக் கர்னல், டீபக் இன்ஃபோ, டீபக் எஃப்எஸ், டீபக் லிஸ்ட் என்று திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும்.

முதன்முதலாக கர்னல் கம்பைல் செய்ய உட்கார்ந்த தம்பி ஒருவன் என்னிடம் கேட்டான்: “டீபக்னா வழுநீக்கம்னு போட்டிருக்காங்களே அண்ணே. இதையெல்லாம் ஆன் பண்ணிட்டா கர்னல்ல இருக்கிற வழுவெல்லாம் நீங்கிடுமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவன்மீது தப்பே இல்லை. சொல் என்ன சொல்கிறதோ அதைத்தான் அவன் நம்பினான். அந்த மெனுவில் உள்ள தெரிவுகளில் ஒன்றுகூட எந்த வழுவையும் நீக்குவதில்லை. பெரும்பாலானவை வழு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பவை. அதற்கு விலையாக கர்னலைப் பருமனாக்கும், மெதுவாக்கும். இந்தக் குழப்பம் தமிழாக்கத்தில் தொடங்கியதும் இல்லை. ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது.

‘பக்’ என்றால் இன்று பூச்சி. ஆனால் பழைய ஆங்கிலத்தில் ‘பக்’ என்றும் ‘பக்பேர்’ என்றும் குழந்தைகளை அச்சுறுத்தும் பூதத்தைச் சொன்னார்கள். நமக்கு இது புதிதில்லை. பூச்சி என்ற சொல்லை வைத்துக்கொண்டே நாமும் ‘பூச்சி காட்டுகிறான்’ என்கிறோம், சாப்பிடாத பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் கூப்பிடுகிறோம். பூச்சியும் பூதமும் இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்குப் பிடித்த தற்செயல்களில் ஒன்று.

இயந்திரக் கோளாறுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது கணினிக்காரர்கள் தொடங்கிய வழக்கம் அன்று. 1878 நவம்பரில் தாமஸ் எடிசன் எழுதிய ஒரு கடிதத்திலேயே, கண்டுபிடிப்பு வேலையில் தலைகாட்டும் சின்னச் சின்னக் கோளாறுகளை ‘பக்’ என்று அழைப்பார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. எல்லோரும் சொல்லும் விட்டில் பூச்சிக் கதை அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பின்னால் வருகிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் எஃப் பலகையின் 70ஆம் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சில்) ஒரு விட்டில் அகப்பட்டது. அதை எடுத்து வேலைக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, உண்மையிலேயே பூச்சி அகப்பட்ட முதல் நேர்வு என்று பக்கத்தில் எழுதினார்கள். அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால்தான் அது நகைச்சுவை. இல்லாவிட்டால் ‘உண்மையிலேயே’ என்பதற்கு அங்கே என்ன வேலை? இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிப் பரப்பியவர் கணினித்துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர். அவரே சொல்லைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது தவறு. பூச்சி ஒட்டிய அந்தக் குறிப்பேடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்தச் சொல்லின் முன்னால் வந்து ஒட்டிய ‘டீ’தான் சிக்கல். ஆங்கிலத்தில் அந்த முன்னொட்டு பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பெரும்பாலும் அகற்றுதல் என்ற பொருள் வந்துவிடும். பேனை அகற்றுவதற்கு ‘டீலவுஸ்’ என்று ஒரு சொல் அதே அச்சில் வார்த்தது. அந்தப் பார்வையில் டீபக் என்றால் பூச்சியை அகற்று. வழுநீக்கம், பிழைநீக்கம் எல்லாம் இதை அப்படியே பின்பற்றி வந்தவை. மொழிபெயர்ப்பு என்ற அளவில் குறை சொல்ல முடியாது.

ஆனால் பேன் விஷயத்தில் தமிழ் என்ன சொல்கிறது? திண்ணையில் பேத்தியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பாட்டி செய்யும் வேலைக்குப் பேன் பார்த்தல் என்றுதான் பெயர். பேன் நீக்குதல் என்று யாரும் சொல்வதில்லை. கண்ணில் பட்டுவிட்டால் நசுக்குவது ஒரு நொடி வேலை. மணிக்கணக்காக நடப்பது பார்ப்பதுதான் என்பதால் மொழி அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. கர்னலில் வேலை செய்தவர்கள் இதைக் கேட்டால் உடனே தலையாட்டுவார்கள். மூன்று வாரம் தேடி, கடைசியில் ஒரே ஒரு வரியை மாற்றிய அனுபவம் அவர்களில் பலருக்கும் உண்டு.

மெனுவுக்கே திரும்புவோம். ‘டீபக் கர்னல்’ என்ற தெரிவு பெரும்பாலும் ஒரு வாசற்கதவு மட்டும்தான். அதை இயக்கினால் வேறு பல தெரிவுகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். தனியாக அது செய்யும் வேலை சொற்பம்.

‘டீபக் இன்ஃபோ’ வேறு ரகம். இயந்திர நிரலின் ஒவ்வொரு பகுதியும் எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது, ஒரு மாறியின் வகை என்ன, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவலையெல்லாம் கம்பைலர் கூடவே எழுதி வைக்கும். அந்தத் தகவல் வடிவத்துக்கு ட்வார்ஃப் என்று பெயர். அதைச் சுமக்கும் கோப்பு வடிவம் எல்ஃப். குள்ளனும் குட்டித் தேவதையும் என்று வைத்து விளையாடியிருக்கிறார்கள். 5.18 பதிப்பிலிருந்து இதை வெறும் ஆம் இல்லை என்று கேட்காமல், தகவல் வேண்டாமா, ட்வார்ஃப் 4 வேண்டுமா, 5 வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். மடிக்கணினியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கர்னலின் உள்ளமைவுக் கோப்பை அப்படியே நகலெடுத்து, ஒன்றும் மாற்றாமல் கம்பைல் செய்தேன். அதில் டீபக் இன்ஃபோ இயங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கம்பைல் ஆன அடைவு பல ஜிபி வீங்கியது. போகட்டும், அது வன்வட்டு. தேவைப்படும்போது கர்னலில் ஏற்றிக்கொள்ளும் துணைத் துண்டுகளான மாட்யூல்களை நிறுவியபோதுதான் வம்பு வந்தது. துவக்கத்துக்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு பெருத்துப்போய் பூட் பகிர்வில் கொள்ளாமல் பாதியில் நின்றுவிட்டது. கர்னலின் துவக்கக் கோப்பு இதனால் பெருப்பதில்லை. அதைச் சுருக்கும்போதே இந்தத் தகவலைக் கழித்துவிடுகிறார்கள். மாட்யூல்களோ தலைக்கு ஒரு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வரும். நிறுவும் கட்டளையில் ‘இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்’ என்ற மாறிக்கு 1 என்று கொடுத்தால் மூட்டை இறங்கிவிடும். அன்றைக்கு அது தெரியாமல் ராத்திரி இரண்டு மணிவரை பழைய கர்னல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன்.

சரி, உண்மையில் வழுவைத் தேடும் தெரிவுகளுக்கு வருவோம். நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைப் பிடிக்கும் காசன் 2015இல் 4.0 பதிப்போடு வந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் கணக்கில் ஒரு நிழலை வைத்துக்கொள்ளும். எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்த நிழலில் குறிப்பு இருக்கும். கர்னலின் எந்த மூலையிலாவது, திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை யாராவது மறுபடி தொட்டால் உடனே ஒரு நீண்ட அறிக்கை வரும். இப்போது தொட்டது யார், முதலில் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியது யார், திருப்பிக் கொடுத்தது யார் என்று மூன்று தடயமும் அதில் இருக்கும். விலை என்ன தெரியுமா? நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போய்விடும். 8 ஜிபி இருந்தால் 1 ஜிபி காலி. வேகமும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும். இவ்வளவும் செய்துவிட்டு, வழுவை அது தொடக்கூடத் தொடாது. திருத்துவது உங்கள் பாடு.

பூட்டுகளைக் கண்காணிக்கும் லாக்டெப் இன்னும் ஒரு படி மேல். (ஒரே தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடுவதற்காக நிரலில் வைப்பதுதான் பூட்டு.) கர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் எழுதி 2006இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. மெனுவில் ‘ப்ரூவ் லாக்கிங்’ என்ற தெரிவின்வழி இயங்கும். ஓரிடத்தில் முதல் பூட்டைப் போட்டுவிட்டு இரண்டாவதைப் போடுகிறார்கள், இன்னோரிடத்தில் இரண்டாவதைப் போட்டுவிட்டு முதலாவதைப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒருவருக்கொருவர் காத்திருந்தே கணினி உறைந்துபோகும். ஒரே நேரத்தில் நடக்கும்வரை லாக்டெப் காத்திருக்காது. இரண்டு வரிசையையும் தனித்தனியாக ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், எச்சரித்துவிடும். இன்னும் வராத நோயைச் சொல்லும் வைத்தியர் மாதிரி. ஒருமுறை எச்சரித்த பிறகு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் வழக்கமும் அதற்கு உண்டு.

வைத்தியர் என்று சொன்னதும் காரணத்தோடுதான். சித்த மருத்துவத்தில் நோயைக் கண்டறியும் துறைக்கு நோய்நாடல் என்று பெயர். மருந்து கொடுப்பது அதற்குப் பிறகு வரும் தனி வேலை. அதே அச்சில் டீபக் செய்வதை வழுநாடல் என்று சொன்னால் என்ன என்பதுதான் என் கட்சி. அப்படியானால் டீபக்கர் வழுநாடி. டீபக் தெரிவுகள் வழுநாடல் தெரிவுகள். டீபக் இன்ஃபோ வழுநாடல் தகவல். வழுநீக்கம் என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், பக் ஃபிக்ஸுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்திருந்ததால்தான் அந்தத் தம்பி ஏமாந்தான்.

பிழை என்று ஏன் சொல்லக்கூடாது என்று சிலர் கேட்பார்கள். பிழைத்திருத்தம் என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு தயக்கம். தமிழில் பிழைத்தல் என்றால் தவறு செய்வது, உயிர் தப்புவது இரண்டும்தான். கர்னலில் ‘ஊப்ஸ்’ என்று ஒரு நிலை இருக்கிறது. உள்ளே ஏதோ கெட்டுவிடும், அதற்குக் காரணமான செயல்முறையைக் கொன்றுவிட்டு கர்னல் தொடர்ந்து ஓட முயலும். அந்த நேரத்தில் ‘கர்னல் பிழைத்தது’ என்று எழுதினால் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது? இரண்டுமே சரி என்பதுதான் வேடிக்கை.

வழு என்ற சொல்லுக்கு இன்னொரு வலு இருக்கிறது. வழுவுதல் என்றால் நழுவுதல், நெறி தவறுதல். இலக்கணம் அதை நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழு. வழு இல்லாமல் இருப்பது வழாநிலை. மூன்றாவதாக ஒன்று உண்டு, வழுவமைதி. மாட்டைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வது இலக்கணப்படி திணை வழு. ஆனால் பாசத்தால் சொன்னது என்பதால் ஏற்றுக்கொள்கிறோம். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான்.

கர்னலுக்குள்ளும் வழுவமைதி இருக்கிறது, மெய்யாகவே. கேசிசன் என்ற வழுநாடி 2020இல் 5.8 பதிப்பில் வந்தது. இரண்டு பக்கத்திலிருந்து ஒரே தரவைப் பூட்டு இல்லாமல் தொட்டால் கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் சில இடங்களில் நிரலாளர் தெரிந்தே அப்படி விட்டிருப்பார். ஒரு புள்ளிவிவர எண்ணி ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் குடி முழுகிவிடாது, அதற்காகப் பூட்டுப் போட்டு வேகத்தைக் கெடுப்பானேன்? அந்த வரியை ‘டேட்டா ரேஸ்’ என்ற மேக்ரோவுக்குள் வைத்துவிட்டால் கேசிசன் கண்டுகொள்ளாது. வழுதான், ஆனால் அமைத்துக்கொண்ட வழு. இதற்குத் தனியாக ஒரு கலைச்சொல்லை யாரும் உருவாக்க வேண்டியதில்லை. வகுப்பறையில் தயாராக இருக்கிறது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கர்னல் என்பதற்கு ஆங்கிலத்தில் சிறு விதை, கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். முந்திரிப் பருப்பு அந்த வகையில் ஒரு கர்னல்தான். இயங்குதளப் பருப்பு என்று சொல்ல யாருக்கும் மனம் வராததால் கரு, கருனி என்று சொல்லிப் பார்க்கிறார்கள். கருனி எனக்குப் பிடிக்கும், ஆனால் பேச்சில் கர்னல்தான் வாயில் வருகிறது, அதனால் இங்கேயும் அப்படியே விட்டுவிட்டேன். கான்ஃபிகரேஷனுக்கு உள்ளமைவு நன்றாக ஊன்றிவிட்டது, அதில் கை வைக்க வேண்டியதில்லை. ஆப்ஷனுக்கு விருப்பம் என்று போடுவதைவிட தெரிவு மேல். லாக்டெப்பை இயக்குவது யாருடைய விருப்பமாகவும் இருக்காது, தேவையாகத்தான் இருக்கும்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000ஆம் ஆண்டிலேயே தனக்கு டீபக்கர் பிடிக்காது, எப்போதும் பிடித்ததில்லை என்று வெளிப்படையாக எழுதியவர். கருவியை நம்பி அறிகுறியை மட்டும் மூடிவிடுவார்கள், நிரலை ஊன்றிப் படிக்க மாட்டார்கள் என்பது அவர் கவலை. கேஜிடிபி என்ற கர்னல் வழுநாடி பல ஆண்டுகள் வெளியே ஒட்டுநிரலாகவே காத்திருந்து, 2008இல்தான் 2.6.26 பதிப்பில் உள்ளே வந்தது. அவர் பயந்தது நாடாமலேயே நீக்கப் பார்ப்பவர்களைக் குறித்து என்று நான் படித்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்குச் சொல்லி முடித்தேன். முதல் கர்னலுக்கு டீபக் இன்ஃபோ, காசன், ப்ரூவ் லாக்கிங் மூன்றும் போதும், அதையும் மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார் என்றேன். கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் மெனுவை உருட்டியவன், எக்ஸ்பர்ட் தெரிவை இயக்கியதும் தோன்றிய ஒரு வரியைக் காட்டினான். ‘பக் சப்போர்ட்’ என்று இருந்தது. கர்னல் தனக்குள் நடக்கவே கூடாத ஒன்றைக் கண்டால் கத்திவிட்டு நிற்கும் வசதி அது. அணைத்துவிட்டால் கர்னல் கொஞ்சம் இளைக்கும், அதோடு பெரிய கோளாறுகளைக்கூடச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடவும் கூடும்.

“அப்போ அண்ணே,” என்றான், “இதை ஆஃப் பண்ணினா?”