இடுப்பு முறிவும் ரத்தம் சொல்லும் சேதியும்

தொடை எலும்பின் மேல்முனை முறிந்து அறுவை செய்துகொள்ளும் முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். எலும்பு ஒழுங்காகக் கூடியிருக்கும், உள்ளே வைத்த திருகும் அசைந்திருக்காது. உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் நிமோனியா, இதயக் கோளாறு போன்றவைதான். அதனால் எக்ஸ்ரே சொல்லாததை மருத்துவர்கள் ரத்தத்தில் தேடுகிறார்கள்.

நாட்டிங்ஹாமில் உருவாகி 2008-ல் வெளியான மதிப்பெண் முறை, அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பைக் கணிக்கிறது. வயது, நினைவாற்றல், மற்ற நோய்கள் எனப் பலவற்றைப் பார்க்கும் அது, ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வது ஒரே ஒரு எண்ணை: அனுமதிக்கும்போது ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு (100 மி.லி. ரத்தத்துக்கு) 10 கிராமோ அதற்கும் கீழோ இருக்கிறதா என்பதை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஆல்புமின். கல்லீரல் செய்யும் இந்தப் புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து கூடுகிறது. 'சரியாகச் சாப்பிடவில்லை' என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்வது தவறு. காயம் பட்டதும் உடலில் அழற்சி கிளம்புகிறது. கல்லீரல் ஆல்புமினைக் குறைத்துக்கொண்டு சி.ஆர்.பி. போன்ற, அழற்சியின்போது கூடும் புரதங்களைச் செய்யத் தொடங்குகிறது. ரத்தக்குழாய்ச் சுவர் வழியே ஆல்புமின் வெளியே கசியவும் செய்கிறது. ஆக, விழுவதற்கு முன்பே இருந்த நலிவையும் விழுந்த அதிர்ச்சியையும் அந்த ஒரே எண் சேர்த்துக் காட்டுகிறது.

சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று அறிய அளக்கும் கிரியாட்டினின் விஷயத்தில் கவனம் வேண்டும். அது தசையிலிருந்து வரும் கழிவு; தசை குறைந்தால் அதுவும் குறையும். மெலிந்துபோன முதியவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்துவிடலாம்.

சரி, குறைந்த எண்ணை ஏற்றிவிட்டால் ஆள் பிழைப்பாரா? அமெரிக்காவிலும் கனடாவிலும் இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 2,016 பேரிடம் இதைச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் ஹீமோகுளோபினை 10-க்கு மேல் வைத்திருக்கும்படி ஒரு பாதிக்கு ரத்தம் ஏற்றினார்கள். மறுபாதிக்கு 8-க்குக் கீழே போனாலோ அறிகுறி தெரிந்தாலோதான் ஏற்றினார்கள். 60 நாள் கழித்து, இறந்தவர்களையும் துணையின்றி நடக்க முடியாதவர்களையும் சேர்த்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறத்தாழ 35 சதவீதம்தான். எண் உயர்ந்தும், அதைக் குறைத்து வைத்த நோய் அப்படியே இருந்தது.

ட்ரோபோனின் கதை வேறு. இதயத்தசை காயப்படும்போது ரத்தத்தில் கலக்கும் புரதம் அது. 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், விரைந்து அறுவை செய்ததால் மொத்தத்தில் இறப்பு குறையவில்லை. ஆனால் வரும்போதே ட்ரோபோனின் உயர்ந்திருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, விரைவு அறுவை பெற்றவர்களில் இறந்தவர்கள் குறைவு. பெரிய ஆய்வுக்குள் பிரித்தெடுத்த சிறு குழு என்பதால், இதை இன்னொரு ஆய்வில் உறுதிசெய்ய வேண்டும்.