ரோ-ஜி-ஹெச் எப்படி ‘சபா’ ஆனது?

கீழக்கரைப் பக்கம் பிளஸ் ஒன் வகுப்புக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது. சங்கு குளிப்பவர் 10 மீட்டர் ஆழத்தில் எவ்வளவு நீரழுத்தத்தைத் தாங்குகிறார் என்று தேர்வுக்கு ஒரு கணக்குத் தயாரித்திருக்கிறார். சூத்திரம் தெரிந்ததுதான்: அடர்த்தி ரோ, புவியீர்ப்பு முடுக்கம் ஜி, ஆழம் ஹெச், மூன்றையும் பெருக்க வேண்டும். கடல்நீரின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1025 கிலோகிராம். விடை ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். அவருடைய மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மாணவர்களின் கைபேசியில் ரோ இருந்த இடத்தில் வெறும் கட்டம். டிடிபி கடையில் அச்சாகி வந்த தாளிலோ ‘சபா’ என்று இருந்ததாம். உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரிப்பு ஒரே ஒரு சூத்திரத்தைத் தேடிப்போய் ஒவ்வொரு பிரதியிலும் ஒரே மாதிரி மாற்றாது. வைரஸ், நேரம் சரியில்லை என்றெல்லாம் காரணம் சொல்லிக் கணினியை ஃபார்மட் செய்யப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கே நடந்தது சுத்தமான எண்கணக்கு.

கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. 114 என்றால் ஆங்கிலச் சிறிய ஆர். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன்பு ஒரு எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள்தான். கிரேக்க எழுத்துகளுக்கென்று தனி இடம் ஏது? அதனால் சிம்பல் எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே கிரேக்க வடிவங்களை வைத்தார்கள். எல்-லின் 108-ல் லாம்டா, பி-யின் 112-ல் பை, ஆர்-இன் 114-ல் ரோ. தமிழ் அச்சுக்குப் பயன்படும் பழைய பாமினி எழுத்துருவும் இதையேதான் செய்தது. அதில் 114 என்றால் ‘ச’. ஜி-க்கு உரிய 103 ‘ப’. ஹெச்-சுக்கு உரிய 104 துணைக்கால். ஆசிரியை ரோவை சிம்பல் எழுத்துருவில் போட்டிருப்பார். கடையில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்துப் பாமினிக்கு மாற்றியிருப்பார்கள். 114, 103, 104 ஆகிய எண்கள் அப்படியே இருந்தன. வடிவங்கள் மட்டும் மாறின. ஓர் இயற்பியல் சூத்திரமும் ஒரு தமிழ்ச் சொல்லும் ஒரே மூன்று எண்களாக இருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

சரி, கைபேசியில் கட்டம் வந்தது ஏன்? சிம்பல் வகை எழுத்துருக்களின் எண்ணோடு விண்டோஸ் 61440-ஐக் கூட்டிக்கொள்கிறது. 114 இப்போது 61554. யூனிகோடில் அந்தப் பகுதி எந்த மொழிக்கும் தரப்படாத தனிப்பயன் பகுதி. சிம்பல் எழுத்துரு இல்லாத கைபேசிக்கு 61554-ஐ என்ன வடிவத்தில் காட்டுவது என்று தெரியாது. ரோவின் சொந்த யூனிகோடு எண்ணான 961 அந்தக் கோப்பில் இல்லவே இல்லை. கட்டம் வந்தாலாவது தவறு கண்ணில் படும். சில கருவிகள் ஆர் என்றே காட்டிவிடும். மாணவர் அதை ஆரம் என்று எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுவிடுவார்.

வேர்டில் சூத்திரம் எழுத உதவிய பழைய ஈக்குவேஷன் எடிட்டர் 3.0 சிம்பலையும் எம்டி எக்ஸ்ட்ரா என்ற எழுத்துருவையும் நம்பி வேலை செய்தது. பாதுகாப்பு ஓட்டை காரணமாக மைக்ரோசாஃப்ட் அதை 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. பழைய வினாத்தாள்களைத் திறந்தால் குறிகள் காணாமல் போவதற்குப் பல நேரம் எம்டி எக்ஸ்ட்ரா இல்லாததே காரணம்.

வேர்டு 2007-ல் வந்த புதிய எடிட்டர் யூனிகோடு எண்களையே எழுதுகிறது. ஆனால் அதில் வேறொரு குழப்பம்: சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்து டைம்ஸ் எழுத்துருவைக் கொடுத்தால் மாறவே மாறாது. மூலக்குறி எவ்வளவு நீள வேண்டும், அடுக்கு எண் எவ்வளவு உயர வேண்டும் என்ற அளவுகள் கேம்ப்ரியா மேத் போன்ற கணித எழுத்துருக்களுக்குள் மட்டுமே இருக்கின்றன. அப்புறம், கணிதத்தில் சாய்வு அலங்காரம் அல்ல. சாய்ந்த ஜி முடுக்கம், நேரான ஜி கிராம். அதனால் யூனிகோடு 2001-ல் கணித எழுத்துகளுக்கென 1024 இடங்கள் கொண்ட தனிப் பகுதியைத் திறந்தது. அதில் சாய்ந்த ஹெச் இருக்க வேண்டிய 119893 காலி! குவாண்டம் இயற்பியலில் வரும் பிளாங்க் மாறிலிக்காக அந்த எழுத்துக்கு முன்பே 8462 என்ற எண் கொடுத்தாகிவிட்டது. 8462-க்கு வடிவம் தராத எழுத்துருவில் ஹெச் மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து ஒட்டாமல் நிற்கும்.

தமிழ் எழுத்தும் கணித அளவுகளும் ஒன்றாக உள்ள தரமான இலவச எழுத்துரு ஒன்றுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்வழியில் கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது சேர வேண்டியது.

ஆசிரியை இப்போது செய்ய வேண்டியது: சூத்திரத்தைப் புதிய எடிட்டரில் ஒருமுறை தட்டச்சு செய்து, எழுத்துருக்களை உள்ளே பதித்துப் பிடிஎஃப் ஆக்கி, கடைக்கும் மாணவர்களுக்கும் அந்தக் கோப்பை மட்டும் கொடுக்கலாம்.