பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அரசு மருத்துவமனையில் சுகர் டெஸ்ட் எழுதி வாங்குவது எப்படி

எங்கள் தெருவில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன். கழுத்தைச் சுற்றிக் கருப்பாக, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருக்கும். அழுக்கு என்று நினைத்து அவன் அம்மா கடலை மாவு போட்டுத் தேய்த்திருக்கிறார், எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறார், ஒரு தடவை பாத்திரம் தேய்க்கிற நார் வரைக்கும் போயாகிவிட்டது. அந்த அம்மாவுக்கே சுகர் உண்டு. பையனையும் பார்த்துவிடலாம் என்று அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால், சுகர், பிரஷர் பார்க்கிற கவுண்டரில் ஆதாரைப் பார்த்துவிட்டு "இது முப்பது வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். குழந்தைகள் பிரிவில் "பன்னிரண்டு தாண்டிடுச்சே, இங்க பார்க்க மாட்டோம்". ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். ஏழு மாதம் கழித்து, காலில் ஆறாத புண்ணோடு வேறு இடத்தில் காட்டியபோது சுகர் 300-க்கு மேல்.

இரண்டு கவுண்டரிலும் சொன்னது பொய் இல்லை, அதுதான் எரிச்சல். மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் ஊர் ஊராகக் கணக்கெடுத்துச் சுகர் பார்ப்பது 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஆனால் அது அவர்கள் நம்மைத் தேடிப் பார்க்கிற வயது. நாமே அறிகுறியோடு போய் நின்றால் எந்த வயதிலும் டாக்டர் டெஸ்ட் எழுதலாம். இதைக் கவுண்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கென்று இருப்பவை இரண்டு. 2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டம், 18 வயது வரை. 2014-இல் வந்த ஆர்.கே.எஸ்.கே. என்ற வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம், 10 முதல் 19 வரை. முதலாவதில் ஒரு மருத்துவக் குழு வருடத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வரும். கவனியுங்கள், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மட்டும்தான். கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தவர்கள், பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போனவர்கள், படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், இவர்களை எந்தக் குழுவும் வந்து பார்க்கப் போவதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் எடை, உயரம், பல், கண் என்று பார்வையிட்டு, சந்தேகம் இருந்தால் மேல் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதுவதுதான் அந்தக் குழுவின் வேலை. எடை, பரம்பரையோடு சேர்ந்து வருகிற டைப் 2 சுகர், அந்தத் திட்டம் தொடங்கியபோது போட்ட 30 குறைபாடுகள் பட்டியலிலேயே இல்லை. சரி, எழுதிய சீட்டாவது வீடு வந்து சேர்கிறதா? நான் பார்த்த வரை பாதி ஆசிரியர் மேஜையிலேயே கிடக்கிறது. குழு வந்து போன அன்று சாயங்காலமே "சீட்டு எழுதினாங்களா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

ஆர்.கே.எஸ்.கே.யின் வளரிளம் பருவத்தினர் கிளினிக் எல்லா ஊரிலும் தினமும் திறந்திருக்காது. எந்த நாள் என்று விசாரிக்காமல் பஸ் ஏறாதீர்கள்.

அப்புறம், மருத்துவமனையில் பேசுகிற விதம். "சுகர் செக் பண்ணணும்" என்று ஆரம்பித்தால் முப்பது வயது கவுண்டருக்குத்தான் கை காட்டுவார்கள். பொது மருத்துவம் ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரிடம் நேராகக் காரணத்தைச் சொல்லுங்கள்: "அம்மாவுக்குச் சுகர், பிள்ளைக்கு எடை அதிகம், கழுத்து கருத்திருக்கு." இந்தச் சேர்க்கை முக்கியம். பத்து வயது தாண்டி, எடை கூடி, அதோடு பெற்றோருக்குச் சுகர், கர்ப்பத்தின்போது அம்மாவுக்குச் சுகர், கழுத்துக் கருமை, ரத்தக் கொதிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதிக்கச் சொல்லித்தான் மருத்துவ வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. பீரியட்ஸ் தள்ளிப்போகிறது, நீர்க்கட்டி என்று மகளிர் பிரிவுக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அங்கே ஸ்கேன் எழுதுவார்கள், சுகரை நாம்தான் கேட்க வேண்டும்.

வெறும் வயிற்றில் முதல் நாளே கூட்டிப் போய்விடாதீர்கள். டாக்டர் எழுதினால்தான் லேபில் ரத்தம் எடுப்பார்கள், ஓ.பி. வரிசை நகர்வதற்குள் லேப் மூடிவிடும், பிள்ளை பசியில் மயங்கி நிற்கும். முதல் நாள் சாப்பிட்டுவிட்டே போய் டெஸ்ட் சீட்டை எழுதி வாங்கி, எத்தனை மணி வரை ரத்தம் எடுப்பார்கள் என்று லேபில் கேட்டுக்கொண்டு, மறுநாள் எட்டு மணி நேரம் சாப்பிடாத வயிற்றோடு நேரே லேபுக்கு.

இதற்கு முதல்வர் காப்பீட்டு அட்டை தேவையில்லை. அந்த அட்டைக்காக 1,20,000 ரூபாய்க்குள் வருமானம் என்று சான்றிதழ் வாங்க ஈ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஒரு மாதம் அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். முதல்வர் காப்பீடு பெரும்பாலும் அட்மிட் ஆகிப் பார்க்கிற சிகிச்சைக்கு. ஓ.பி.யில் எடுக்கிற சுகர் டெஸ்டும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தான்.

ரிசல்ட்டில் வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126, அதற்கு மேல் என்றால் சுகர் என்று அர்த்தம், ஆனால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் இன்னொரு தடவை எடுத்து உறுதி செய்ய வேண்டும். மூன்று மாதச் சராசரி டெஸ்ட் (ஹெச்.பி.ஏ.1.சி.) எடுத்தால் 6.5 சதவீதம் அந்த எல்லை. ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு இந்தச் சராசரி தப்பாகக் காட்டக்கூடும், நம் பெண்பிள்ளைகள் பலருக்கு ரத்தசோகை உண்டு என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் வரிசையில் காத்திருக்கக் கூடாதது. அடங்காத தாகம், சில வாரத்தில் மளமளவென்று எடை குறைவது, அதோடு வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது என்றால் 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்கே போங்கள்.

பள்ளியில் சொல்லித்தர வேண்டியதற்கும் உத்தரவு இருக்கிறது. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை வைக்கச் சொன்னது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி 2020-லேயே வந்தாயிற்று. மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளி வாசலில் போய் நின்று பாருங்கள், தெரியும்.

கடைசியாக, "நார்மல்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள். எண்ணைச் சீட்டில் எழுதி வாங்கி போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று வருடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், எடை ஏறிக்கொண்டே போனால் இன்னும் முன்னாலேயே. அதற்குள் பிள்ளைக்கு 18 முடிந்திருக்கும், கவுண்டர் மாறியிருக்கும், "பழைய சீட்டு எங்கே?" என்பதுதான் அங்கே கேட்கப்போகிற முதல் கேள்வி.