ஃப்ரீ டு ப்ளே: இலவசமா, அனுமதி இலவசமா?

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு ஆங்கிலச் சொற்கள் தப்பாமல் வந்து நிற்கும்: ஃப்ரீ டு ப்ளே, பை டு ப்ளே. சுருக்கினால் எஃப்டூபி, பிடூபி. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பிளஸ் டூ படிக்கிற பையனைக் கேட்டால் இவ்வளவு நீட்டமாட்டான். "அது ஃப்ரீ கேம்ண்ணே, இது பெய்டு கேம்" என்று முடித்துவிடுவான். பேச்சுக்கு அது போதும். எழுத்தில்தான் தகராறு. முதலாவதை 'இலவச விளையாட்டு' என்றும் இரண்டாவதைக் 'கட்டண விளையாட்டு' என்றும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். முதல் சொல் தேவைக்கு மேல் வாக்குக் கொடுக்கிறது. இரண்டாவது, எந்த மாதிரிக் கட்டணம் என்று சொல்லாமல் விடுகிறது.

பொருள் இதுதான். ஃப்ரீ டு ப்ளே என்றால் இறக்கி, கணக்குத் தொடங்கி, ஆட ஆரம்பிக்க ஒரு பைசா வேண்டாம். பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு), ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், ஃபோர்ட்நைட், டோட்டா 2 எல்லாம் இந்த வகை. நிறுவனத்துக்கு வருமானம் உள்ளே நடக்கும் விற்பனையிலிருந்து வருகிறது: துப்பாக்கிக்கு வண்ணம், ஆளுக்கு உடுப்பு, சீசன் முழுக்க ஆடி ஆடிப் பரிசுகளைத் திறக்க ஒரு பாஸ். பை டு ப்ளே என்றால் தொடக்கத்தில் ஒருமுறை பணம் கட்டிவிட்டு, அப்புறம் மாதாமாதம் எதுவும் கட்டாமல் ஆடுவது. மைன்கிராஃப்ட், ஹெல்டைவர்ஸ் 2 போன்றவை.

இந்த இரண்டு பெயர்களும் புரியவேண்டுமானால் அவற்றுக்கு முந்தைய மூன்றாவது முறையைப் பார்க்கவேண்டும். 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைன், 1999-ல் வந்த எவர்குவெஸ்ட், 2004-ல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆகியவற்றுக்கு ஆட்டத்தின் பெட்டியையும் காசு கொடுத்து வாங்கவேண்டும், மாதச் சந்தாவும் கட்டவேண்டும். வார்கிராஃப்டுக்கு அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர். இது பே டு ப்ளே. 2005 ஏப்ரலில் கில்ட் வார்ஸ் வந்தது. பெட்டியை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது என்றார்கள். பை டு ப்ளே என்ற பெயர் அர்த்தப்படுவதே சந்தாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான். கடையில் ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குவதற்கு யாராவது தனிப்பெயர் வைப்பார்களா?

ஃப்ரீ டு ப்ளேயின் பிறப்பிடமாகப் பலரும் காட்டுவது தென் கொரியாவை. அங்கே நெக்சான் நிறுவனம் குவிஸ்குவிஸ் என்ற ஆட்டத்தை இலவசமாக்கி, உள்ளே பொருட்களை விற்றுப் பார்த்தது. 2003-ல் வந்த அதே நிறுவனத்தின் மேப்பிள்ஸ்டோரி அந்த வழியைப் பெரிய வியாபாரமாக்கியது. மேற்கத்திய நிறுவனங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கி வந்தன. 2007-ல் விலைக்கு வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2, 2011-ல் இலவசமாகித் தொப்பி விற்றுப் பிழைத்தது. 2011 டிசம்பரில் சந்தாவோடு வந்த ஸ்டார் வார்ஸ் ஆட்டம் அடுத்த ஆண்டே இலவசத்துக்கு மாறியது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014-ல் சந்தாவோடு தொடங்கி 2015-ல் ஒருமுறை வாங்கினால் போதும் என்று மாறியது.

டெல்டாவில் இந்த வரலாறு வேறு வரிசையில் நடந்தது. 2000-களில் தஞ்சாவூர், கும்பகோணம் பிரவுசிங் சென்டர்களில் கவுண்டர்-ஸ்டிரைக் ஆடிய பையன்கள் காசு கொடுத்தது ஆட்டத்துக்கு அல்ல, நாற்காலிக்கு. மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆட்டம் எங்கிருந்து வந்தது, யாருக்குக் காசு போகவேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. மாதச் சந்தா கட்டக் கடன் அட்டை வேண்டும். அது அன்றைக்கு எத்தனை வீட்டில் இருந்தது? அப்புறம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் வந்தது. சந்தாவையும் பெட்டியையும் பார்க்காமலேயே ஊர் நேராக ஃப்ரீ டு ப்ளேக்குள் குதித்துவிட்டது. அதனால்தான் இங்கே பை டு ப்ளே இன்னமும் அன்னியமாகத் தெரிகிறது. "கேமுக்கு எதுக்குக் காசு கட்டணும்?" என்று கேட்கிற தம்பி கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'ஃப்ரீ' இரண்டு பொருளைச் சுமக்கும் சொல்: காசில்லாதது, கட்டுப்பாடில்லாதது. தமிழில் அந்த வசதி கிடையாது. விக்கிப்பீடியாவைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்கிறோம்; இலவசக் கலைக்களஞ்சியம் என்பதில்லை. மென்பொருளிலும் அப்படித்தான். விளையாட்டில் வரும் ஃப்ரீ காசைப் பற்றியது மட்டுமே, ஆகவே 'கட்டற்ற' இங்கே பொருந்தாது. மிச்சமிருப்பது இலவசம்.

இலவசம் எப்படி வந்த சொல்? வெற்றிலையில் வைத்து மனமுவந்து கொடுப்பது 'இலைவயம்', அதுவே திரிந்து இலவசம் ஆயிற்று என்று சொல்வாருண்டு. ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் கொடிக்கால்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விளக்கம் உடனே பிடித்துப்போகும். பிடித்துப்போவது மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது, அது வேறு விஷயம். ஆனால் புழக்கத்தில் இலவசம் என்ற சொல்லுக்கு அந்த வெற்றிலை வாசனை இருக்கத்தான் செய்கிறது. கொடுத்தவர் திரும்ப எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அதில் தொனிக்கிறது. விளையாட்டு நிறுவனமோ நன்றாகவே எதிர்பார்க்கிறது.

நம் அரசாங்கம் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாகச் சொல் பொறுக்கியிருக்கிறது. 2011-ல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தபோது 'விலையில்லா மடிக்கணினி' என்றார்கள். 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு வேண்டாம் என்றானபோது அது 'கட்டணமில்லாப் பயணம்' ஆயிற்று. இரண்டையும் மாற்றிப்போட்டுப் பாருங்கள்: கட்டணமில்லா மடிக்கணினி, விலையில்லாப் பயணம். காதில் இடறுகிறது. காரணம் எளிது. நம்முடையதாகிவிடும் பொருளுக்குக் கொடுப்பது விலை. ஒன்றைப் பயன்படுத்துவதற்குக் கொடுப்பது கட்டணம். மடிக்கணினி வீட்டுக்கு வந்துவிடும், பஸ் வீட்டுக்கு வராது.

இந்த அளவுகோலை எடுத்து விளையாட்டின்மேல் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஃப்ரீ டு ப்ளேயில் எதுவும் நம்முடையதாவதில்லை, ஆகவே 'விலையில்லா விளையாட்டு' தவறு. உள்ளே பணம் வாங்குகிறார்கள், ஆகவே 'கட்டணமில்லா விளையாட்டு' அரை உண்மை. காசு வேண்டாம் என்பது எந்த இடத்துக்குப் பொருந்துகிறது? வாசலுக்கு மட்டும். அதற்குத் தமிழில் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, சுவரொட்டியிலேயே இருக்கிறது: அனுமதி இலவசம். பட்டிமன்றத்துக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் போடுவார்கள். கைத்தறி விற்பனைக் கண்காட்சிக்கும் போடுவார்கள். கண்காட்சி நோட்டீஸில் அந்த வரியைப் பார்க்கிற யாரும் உள்ளே சேலையும் இலவசம் என்று நினைப்பதில்லை. ஆகவே ஃப்ரீ டு ப்ளே என்பதை 'அனுமதி இலவச விளையாட்டு' என்று எழுதலாம் என்பது என் கட்சி. கொஞ்சம் நீளம்தான். ஆனால் படித்தவுடன் அடுத்த கேள்வியைத் தானே எழுப்புகிறது: அப்படியானால் உள்ளே எதற்குக் காசு?

அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்காத பெற்றோர்தான் பிறகு அலைகிறார்கள். "ஃப்ரீ கேம்னுதானே சொன்னான், அப்புறம் எப்படிங்க அக்கவுண்ட்ல பணம் போச்சு?" டாப்-அப் என்ற சொல்லில் இருக்கிறது பதில். ரூபாயை நேராக வாங்காமல் முதலில் வேறு நாணயமாக மாற்றச் சொல்வார்கள். பிஜிஎம்ஐயில் அது யூசி, ஃப்ரீ ஃபயரில் டைமண்ட், ஃபோர்ட்நைட்டில் வி-பக்ஸ். மாற்றியபின் எவ்வளவு செலவாகிறது என்பது மனதில் தைக்காது. கணக்கும் சரியாக ஒத்துப்போகாது. ஃபோர்ட்நைட்டின் பாஸ் நெடுங்காலம் 950 வி-பக்ஸ், சின்னப் பொட்டலம் 1,000. மிச்சம் 50 பையில் கிடந்து அடுத்த டாப்-அப்புக்கு அழைக்கும். விரும்பாமலே வாங்கவைக்கும் பொத்தான்களை வைத்ததற்காக ஃபோர்ட்நைட்டின் எபிக் நிறுவனம் 24.5 கோடி டாலர் திருப்பித் தர 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்தோடு உடன்பட்டது. குழந்தைகளின் அந்தரங்கத் தகவல் தொடர்பான அபராதம் 27.5 கோடி டாலர் தனி.

இதையெல்லாம் மீறி, ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் காசே கட்டுவதில்லை என்பதுதான் இந்த வியாபாரத்தின் விசித்திரம். ஒரு சிறு கூட்டம் அள்ளிக் கொட்டுகிறது. அவர்களைச் சூதாட்ட விடுதி பாஷையில் திமிங்கலம் என்பார்கள். காசு கட்டாதவர்கள் நிறுவனத்துக்குச் சுமையா என்றால், இல்லை. பப்ஜியில் ஒரு ஆட்டத்துக்கு 100 பேர் வரை வேண்டும். வாங்கிய உடுப்பைப் போட்டுக்கொண்டு காட்ட ஆள் வேண்டும். கூட்டம்தான் சரக்கு.

பை டு ப்ளே தடுமாறுவதும் இந்தக் கூட்டத்தால்தான். வாசலில் விலை வைத்தால் கூட்டம் குறையும், குறைந்தால் எதிராளி கிடைக்கக் காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் இருக்கிறவர்களும் போய்விடுவார்கள். சோனி 2024 ஆகஸ்ட் 23-ல் 40 டாலருக்கு வெளியிட்ட கான்கார்ட் என்ற ஆட்டம் செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே வகை ஆட்டங்கள் இலவசமாகக் கிடைக்கும்போது 40 டாலர் பெரிய சுவர். ஆனால் அதே சோனி, அதே ஆண்டு பிப்ரவரியில், அதே 40 டாலருக்கு வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 சக்கைப்போடு போட்டது. நாலு நண்பர்கள் ஒரே பக்கம் நின்று ஆடும் ஆட்டம் அது, எதிரணிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. விலை மட்டுமே தலையெழுத்தைத் தீர்மானிப்பதில்லை.

வாசல் விலையால் ஒரு நன்மையும் உண்டு. ஏமாற்றி ஆடி விரட்டப்பட்டவன் மறுபடி வர மறுபடி பணம் கட்டவேண்டும். கவுண்டர்-ஸ்டிரைக் குளோபல் ஆஃபென்சிவ் 2018 டிசம்பரில் இலவசமானபோது பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தது இதற்காகத்தான். ராக்கெட் லீக் 2020-லும், பப்ஜியின் கணினிப் பதிப்பும் ஓவர்வாட்சும் 2022-லும் அதே வழிக்குப் போயின.

பை டு ப்ளேக்கான தமிழுக்கு இப்போது வரலாம். 'வாங்கி ஆடும் விளையாட்டு' என்று எழுதினால் ஓசை நன்றாக இருக்கிறது, பொருளில் ஓட்டை. வயலைக் கிரயம் பண்ணினால் பத்திரம் நம் பெயரில், விற்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். இங்கே கைக்கு வருவது குத்தகை, அதுவும் சாகுபடி குத்தகைதாரருக்கு 1955-ம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்புகூட இல்லாத குத்தகை. 2014-ல் காசுக்கு விற்ற த க்ரூ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் சர்வரை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. பணம் கொடுத்தவர்களாலும் அதற்குமேல் ஆட முடியவில்லை. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கம். திரும்பப் பெறத்தக்க நிபந்தனை உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று சும்மா எழுதக்கூடாது என்று கலிஃபோர்னியா 2024-ல் சட்டமே போட்டது. ஆகவே விலை வேண்டாம், கட்டணம்தான் சரி: 'ஒருமுறைக் கட்டண விளையாட்டு'. பே டு ப்ளேக்குச் 'சந்தா விளையாட்டு' போதும். சந்தா இந்துஸ்தானியிலிருந்து வந்து நம் வீட்டிலேயே தங்கிவிட்ட சொல்.

அனுமதி இலவச விளையாட்டிலும் இதே கதிதான். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடையானபோது, யூசி போட்டு உடுப்பு வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்து பழைய கணக்கை மாற்றிக்கொள்ள அனுமதித்ததால் பலருக்கு அது திரும்பக் கிடைத்தது.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்து வைக்கவேண்டும். டீக்கடைப் பேச்சில் 'ஆன்லைன் கேம்ல காசு விட்டுட்டான்' என்றால் அது பெரும்பாலும் ரம்மி. பந்தயம் வைத்து ஆடும் அந்த வகைக்குத் தமிழ்நாடு 2022-ல் தனிச் சட்டம் இயற்றியது, 2025-ல் மத்தியச் சட்டம் முழுத் தடையே விதித்தது. பந்தயமாக இல்லாத சந்தாவையும் ஒருமுறை நுழைவுக் கட்டணத்தையும் அந்த மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. பணம் ஜெயிக்கும் ஆசையில் கட்டுவது வேறு, ஆடுவதற்குக் கட்டுவது வேறு.

உதிரிச் சொற்கள் சில. பாஸ் அப்படியே இருக்கட்டும், பஸ் பாஸ் எப்போதோ தமிழாகிவிட்டது. ஆளுக்கும் துப்பாக்கிக்கும் மாட்டிவிடும் அலங்காரத்தை ஸ்கின் என்கிறார்கள்; அதற்கு 'வேடம்' அழகாகப் பொருந்தும். காசு கட்டியவனுக்கு ஜெயிப்பது சுலபமாகிவிடும் பே டு வின் என்பது 'காசுக்கு வெற்றி'. காசு கொடுத்துத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாத லூட் பாக்ஸை 'புதையல் பெட்டி' என்று மொழிபெயர்க்கிறார்கள். அது விளம்பரக்காரரின் சொல். தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு (லாட்டரி) விற்பனை 2003-ல் தடையானது. காசு வாங்கும் லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் சொன்னது. 'பரிசுச்சீட்டுப் பெட்டி' என்று எழுதினால் பையனுக்குப் புரிகிறதோ இல்லையோ, அப்பாவுக்கு உடனே புரியும்.