கிளம்பும்போது 'இக் வில் வெஃக்' என்று சொல்லாதீர்கள்

நெதர்லாந்தில் டச்சு படிக்கும் நம்மவர்களிடம் இந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அகராதியைப் பார்த்தால் 'வில்' என்பது விரும்புவது, 'வெஃக்' என்பது அகன்று போவது. இரண்டையும் ஒட்டி 'இக் வில் வெஃக்' என்று மேலாளர் முன்னால் சொல்லிவிடுகிறார்கள். இலக்கணத்தில் பிழையே இல்லை. ஆனால் டச்சுக்காரர் காதில் அது "இந்த இடமே பிடிக்கவில்லை, விட்டால் போதும்" என்றுதான் விழும்.

விருந்துக்குப் போன வீட்டில் "எனக்கு இங்கிருந்து போக வேண்டும்" என்று நாம் தமிழில் சொல்வோமா? "சரி, அப்போ கிளம்பறேன்" என்போம். டச்சிலும் அதேதான். ஆசையைச் சொல்லாதீர்கள், செயலைச் சொல்லுங்கள்: 'இக் ஃகா மார் எஸ்'. இதில் 'மார் எஸ்' என்பதற்குத் தனிப் பொருள் தேடாதீர்கள். நம் 'சரி, அப்போ' செய்கிற வேலையை அது செய்கிறது. எழுத்தில் 'ஏன்ஸ்' என்று இருந்தாலும் பேச்சில் 'எஸ்' என்று தேய்ந்துவிடும். 'இக் ஃகா ஸோ மார் எஸ்' என்றால் இன்னும் சில நிமிடங்களில் கிளம்புவீர்கள் என்று பொருள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

உடம்பு சரியில்லாமல் அனுமதி கேட்கும்போது மட்டும் 'வில்' பொருந்தும், அதுவும் விருப்பத்தைப் பணிவாக்கும் 'ஃக்ராஃக்' சேர்த்து: 'இக் வில் ஃக்ராஃக் நார் ஹௌய்ஸ்'.

அவசரமாகப் போக வேண்டுமானால் 'இக் முட் எர்வன்டோர்'. 'எர்வன்டோர்' பக்கத்தில் 'மெட்' போட்டு வண்டியின் பெயரைச் சேர்க்காதீர்கள். காரில் கிளம்புவதாக நினைத்துச் சொன்னது, காரை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவதாகப் பொருள் தரும். 'இக் முட் நோடஃக்' என்று பாதியில் நிறுத்தினால் கழிப்பறை அவசரம்! 'இக் ஸ்டப் மார் எஸ் ஒப்' என்பதும் கிளம்புவதற்கு நல்ல வாக்கியம்தான். ஆனால் அலுவலகத்தில் 'மார் எஸ்' விடுபட்டுவிட்டால் வேலையை ராஜினாமா செய்வதாகத் தொனிக்கும். பதவி விலகும் அமைச்சர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவதும் இதே வினைச்சொல்லைத்தான்.

"போயிட்டு வரேன்" என்பதை மொழிபெயர்க்கவே வேண்டாம். 'இக் கொம் ஸோ' என்றால் இதோ வந்துவிடுவீர்கள் என்று காத்திருப்பார்கள். 'டொட் ஸோ' சில நிமிடங்களில் மறுபடி பார்க்கப்போகிறவருக்கு, 'டொட் ஸ்ட்ரக்ஸ்' அன்றைக்கே பிறகு பார்ப்பவருக்கு, 'டொட் மொர்ஃகெ' நாளைக்கு. "போறேன்" என்று மட்டும் சொல்வது இங்கே அபசகுனம் இல்லை, தயங்காதீர்கள்.

உச்சரிப்பில் ஒன்றைக் கவனியுங்கள். 'வெஃக்' என்று குறிலாகச் சொன்னால் அகன்று என்றும் பொருள், சாலை என்றும் பொருள். டச்சு எழுத்திலும் இரண்டும் ஒன்றே. சாலைகள் என்ற பன்மையில்தான் 'வேஃகெ' என்று நெடிலாகும். 'ஃக'வை ஆய்தம்போலத் தொண்டையில் உரசி ஒலியுங்கள். வெறும் 'க' போதாது.

யாராவது வீட்டுக்குப் போயிருந்தால், பேச்சு ஓய்ந்த நேரம் பார்த்து இரு கையாலும் தொடையைத் தட்டி "ஸோ!" என்று சொல்லி எழுங்கள். அது டச்சுக்காரர்களே கிளம்பும் முறை. பிறந்தநாள் விருந்தில் எல்லோரோடும் வட்டமாக உட்கார்ந்திருந்தால் ஒவ்வொருவரிடமும் விடைபெறுங்கள். வாசலில் 'ஹெட் வஸ் ஃகெஸெல்லஃக்' (இனிமையாகக் கழிந்தது) என்று ஒரு வார்த்தை, அப்புறம் 'டூய்'. ஐந்தோவனிலும் தெற்கிலுள்ள பிரபாந்த் மாகாணத்தின் மற்ற ஊர்களிலும் 'டூய்'க்குப் பதில் 'ஹௌடு' காதில் விழும். நீங்களும் அதையே திருப்பிச் சொல்லலாம்.